யாழ்ப்பாணக் கோட்டையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணக் கோட்டையை முதன்முறையாகப் பார்த்துத் திரும்புகிறவர்களிடம் எப்படி இருந்தது என்று கேட்டால், அவர்களில் பலர் சொல்லும் பதில் ஒன்றே: “மதில்தான் நிக்குது, உள்ளுக்கை ஒண்டுமில்லை.” கனடாவிலிருந்து வந்த என் பெரியம்மாவின் குடும்பத்தை ஒரு வைகாசி மாத நடுப்பகலில் அங்கே அழைத்துச் சென்றபோது எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது. இருபது நிமிடங்கள் கழிவதற்குள் பெரியம்மா முந்தானையால் தலையை மூடிக்கொண்டு, “தம்பி, தெற்கிலை காலி நகரத்திலை இருக்கிற கோட்டை மாதிரி இருக்குமெண்டெல்லோ நினைச்சன்” என்றார். அடுத்த தை மாதத்தில் அவரையே ஒரு மாலை நேரத்தில், வேறொரு ஒழுங்கில் நடத்திச் சென்றேன். அன்று காவலாளி வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்வரை அவர் மதிலைவிட்டு இறங்கவில்லை. இரண்டு பயணங்களுக்கும் இடையில் கோட்டையில் ஒரு கல்லும் மாறவில்லை. போகும் மாதம், நேரம், நடக்கும் வரிசை, புறப்படுமுன் தெரிந்துகொள்ள வேண்டிய சிறிதளவு வரலாறு ஆகிய நான்கையும் சரிசெய்துகொண்டதே மாற்றத்துக்குக் காரணம். இக்கட்டுரையும் அந்த நான்கையே விரித்துச் சொல்கிறது.

மாதமும் நேரமும்

முதலில் மாதத்தைத் தீர்மானியுங்கள். யாழ்ப்பாணத்தில் பெருமழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் வாடைக்காற்றோடு வருவது. அந்தக் காலத்தில் கோட்டையின் முருகைக்கற் (பவளக்கல்) பரப்புகள் பாசி பிடித்து வழுக்கும், உட்புறத் தரையிலும் நீர் தேங்கி நிற்கும். சித்திரை, வைகாசி மாதங்களில் வெய்யில் கடுமையானது. கோட்டைக்குள் ஒதுங்கி நிற்கப் போதிய மர நிழலும் இல்லை. வைகாசி கடைசியிலிருந்து வீசும் சோளகம் என்னும் தென்மேற்குக் காற்று வெக்கையை ஓரளவு தணித்தாலும், மதிலின் மேல் நடக்கும்போது தொப்பியையும் குடையையும் பிடுங்கிக்கொண்டு போகும். மழை ஓய்ந்து, வெய்யில் இன்னும் முறுகாமல் இருக்கும் தை, மாசி மாதங்களே முதன்முறை வருகிறவர்களுக்கு மிகப் பொருத்தமானவை என்பது என் கருத்து. நல்லூர்த் திருவிழா நடைபெறும் இருபத்தைந்து நாட்களில் வர விரும்புகிறவர்கள் தங்குமிடத்தை வெகு முன்னதாகவே ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும், ஏனெனில் அந்த நாட்களில் நகரில் அறை கிடைப்பது எளிதன்று.

நாளின் நேரமும் அதே அளவுக்கு முக்கியமானது. காலையில் வாயில் திறந்தவுடன் போகலாம், அல்லது மாலையில் மூடும் நேரத்துக்கு ஒன்றரை மணித்தியாலமாவது முன்னதாகப் போகலாம். பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடைப்பட்ட வேளையைத் தவிர்த்துவிடுங்கள். இரண்டில் ஒன்றைத் தேரச் சொன்னால் மாலையையே தேர்வேன். சாய்ந்த வெய்யிலில்தான் கற்களின் துளைகளும், மதிலின் மூலைகளில் வெளியே நீண்டு நிற்கும் கொத்தளங்களின் கூர்முனைகளும், அகழியின் ஆழமும் கண்ணுக்குத் துலங்கும். உச்சி வெய்யிலில் எல்லாம் ஒரே வெளிறிய பரப்பாகத் தெரியும், பெரியம்மா அன்று கண்டது அதைத்தான். மார்கழியில் சூரியன் ஆறு மணிக்குச் சற்று முன்னரும், ஆனியில் ஆறரை மணியளவிலும் மறைகிறது. வாயில் மூடும் நேரமும் கட்டணமும் அவ்வப்போது மாற்றப்படுவதால், முதல்நாள் அந்த வழியாகப் போகும்போது வாயிலிலேயே கேட்டுவிடுவதும், தங்கியிருக்கும் வீட்டாரிடம் விசாரிப்பதும் நல்லது.

புறப்படுமுன் தெரிந்திருக்க வேண்டியவை

கோட்டைக்குள் விளக்கப் பலகைகள் உண்டு. ஆனால் வெய்யிலில் நின்று அவற்றை முழுமையாக வாசிப்பவர் குறைவு. ஆகையால் முதல்நாள் இரவே பின்வருவனவற்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள்.

1619 இல் நல்லூரைத் தலைநகராகக் கொண்டிருந்த யாழ்ப்பாண இராச்சியத்தைப் போர்த்துக்கேயர் வென்றனர். கடைசி அரசனான சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். வென்ற படையின் தளபதியான பிலிப் த ஒலிவேறா ஆட்சியிருக்கையை நல்லூரிலிருந்து கடலோரத்துக்கு மாற்ற, அங்கே போர்த்துக்கேயரின் சதுர வடிவக் கோட்டை எழுந்தது. இடிக்கப்பட்ட நல்லூர்க் கோயிலின் கற்கள் அந்தக் கட்டடத்துக்குப் போயின என்பது இங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டு வரும் செய்தி. 1658 இல் ரைக்லொவ் வான் கூன்ஸ் தலைமையிலான ஒல்லாந்தர் (டச்சுக்காரர்) மூன்று மாதங்களுக்கு மேல் முற்றுகையிட்டு அதைக் கைப்பற்றினர். பின்னர் அவர்கள் சதுரத்தைக் கைவிட்டு ஐங்கோண வடிவில் புதிய கோட்டையை எழுப்பினர். 1680 என்னும் ஆண்டு அந்த வேலையோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அகழிக்கு வெளியே உள்ள புறவரண்கள் 1792 இல்தான் நிறைவெய்தின. மூன்றே ஆண்டுகளில், 1795 இல், பிரித்தானியர் வந்தபோது ஒல்லாந்தர் பெரிய எதிர்ப்பேதும் காட்டாமல் சரணடைந்தனர். நூறாண்டுக்கு மேலாகப் பணத்தையும் உழைப்பையும் விழுங்கிய கோட்டை, எந்த எதிரிக்காகக் கட்டப்பட்டதோ அந்த எதிரி வந்த நாளில் பயன்படவில்லை.

அது மெய்யான போரைக் கண்டது எங்கள் காலத்தில். 1990 ஆம் ஆண்டு ஆனி மாதம் தொடங்கிப் புரட்டாதி வரை கோட்டைக்குள் இருந்த இலங்கைப் படையினரை விடுதலைப் புலிகள் முற்றுகையிட்டனர். படையினர் வெளியேறிய பின் கோட்டை புலிகளின் வசமாயிற்று. 1995 இன் இறுதியில் யாழ்ப்பாண நகரோடு சேர்ந்து அது மீண்டும் அரச படைகளின் கைக்குப் போயிற்று. எறிகணைகளும் குண்டுவீச்சும் இடிப்பும் சேர்ந்து, ஒல்லாந்தர் காலத்துக் கட்டடங்களில் பெரும்பாலானவற்றைக் கற்குவியலாக்கின. போர் முடிந்த பின், நெதர்லாந்து அரசின் நிதியுதவியோடு மதில்களைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கப்பட்டது. ஆகவே நீங்கள் காணப்போகும் மதிலில் பழைய கல்லும் புதிய கல்லும் கலந்திருக்கும்.

காலிக் கோட்டையோடு ஒப்பிடும் பழக்கத்துக்கும் இங்கேயே விடை சொல்லிவிடலாம். காலியில் மதிலுக்குள் தெருக்களும் வீடுகளும் கடைகளும் கொண்ட ஒரு நகரம் இருந்தது, இன்றும் இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் ஊர் எப்போதும் கோட்டைக்கு வெளியிலேயே இருந்தது. உள்ளே இருந்தவை படையினரின் இருப்பிடங்களும் ஆளுநர் மாளிகையும் தேவாலயமும் நிருவாகக் கட்டடங்களும்தாம். பிற்காலத்தில் சிறைச்சாலையும் அங்கே இருந்தது. எனவே குடியிருப்பைத் தேடிப் போகிறவர் ஏமாறத்தான் செய்வார். போர்க்கருவி ஒன்றைப் பார்க்கப் போகிறோம் என்ற எண்ணத்தோடு போனால் ஏமாற்றம் இராது.

போய்ச் சேருதல்

கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். போரினால் நின்றுபோன ரயில் சேவை 2014 இல் யாழ்ப்பாணம் வரை மீண்டும் ஓடத் தொடங்கியது. இரவு பஸ்களும் உண்டு. இந்தியாவிலிருந்து வருகிறவர்களில் சிலர் பலாலி விமான நிலையத்தின் வழியாக வருகிறார்கள். நகருக்குள் வந்துவிட்டால் கோட்டையைத் தேடி அலைய வேண்டியதில்லை. மத்திய பஸ் நிலையத்திலிருந்து பத்து, பதினைந்து நிமிட நடைத் தூரம். ரயில் நிலையத்திலிருந்து வருவதானால் ஓட்டோ பிடிப்பது நலம், ஏறுமுன் கட்டணத்தைப் பேசிக்கொள்ளுங்கள். வாடகைக்குத் துவிச்சக்கர வண்டி கிடைக்குமானால் அதைவிடச் சிறந்தது வேறில்லை, ஏனெனில் நூலகம், மணிக்கூட்டுக் கோபுரம், பண்ணை வீதி எல்லாம் மிதித்துப் போகும் தூரத்திலேயே இருக்கின்றன.

கொண்டு போக வேண்டியவை அதிகமில்லை. ஆளுக்கு ஒரு லீற்றர் தண்ணீர், அகலத் தொப்பி, அடி வழுக்காத சப்பாத்து ஆகியவை போதும். செருப்போடு போகிறவர்கள் மதிலின் ஏற்றங்களிலும் இடிபாடுகளின் அருகிலும் சிரமப்படுவார்கள். முருகைக்கல்லின் விளிம்புகள் கூர்மையானவை, விழுந்தால் தோல் உரிந்துவிடும். தொல்பொருள் இடங்களில் உள்நாட்டவருக்கும் வெளிநாட்டவருக்கும் வெவ்வேறு கட்டணம் அறவிடுவது வழக்கமாகையால், தேசிய அடையாள அட்டை உள்ளவர்கள் அதைக் கையில் வைத்திருங்கள். இங்கே பிறந்து வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்கள், எந்தக் கட்டணம் தமக்குரியது என்பதை வாயிலிலேயே அமைதியாகக் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. “நான் இந்த ஊர்ப் பிள்ளை” என்று தொடங்கும் வாதத்தில் எவரும் வென்று நான் கண்டதில்லை. கைபேசியாலும் கமராவாலும் படமெடுக்கலாம். ட்ரோன் பறக்கவிட விரும்புகிறவர்கள் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையின் அனுமதியை முன்கூட்டியே பெற்றிருக்க வேண்டும். சுற்றுப்புறத்தில் படையினரின் முகாமோ காவலரணோ தென்பட்டால் அந்தப் பக்கம் கமராவைத் திருப்பாதீர்கள்.

நடக்கும் வரிசை

வந்த வேகத்தில் உள்ளே நுழைந்துவிடாதீர்கள். முதலில் வெளியே, அகழியின் ஓரமாகச் சிறிது தூரம் நடந்து, ஒரு கொத்தளத்தின் முனை தெரியும் இடத்தில் நில்லுங்கள். கோட்டையின் முழு இரகசியமும் அங்கேதான் இருக்கிறது. பீரங்கி வருவதற்கு முந்திய காலத்துக் கோட்டைகளில் மதிலை உயரமாக எழுப்பினால் போதும். பீரங்கிக் குண்டு வந்த பின் உயரமான மதில் எளிதாக உடையும் இலக்காகிவிட்டது. எனவே மதிலைத் தாழ்த்தி, தடிப்பாக்கி, இரு கற்சுவர்களுக்கு இடையே மண்ணை நிரப்பினார்கள். மண் குண்டின் வேகத்தை உறிஞ்சிக்கொள்ளும். அடுத்த சிக்கல், மதிலின் அடிவாரத்துக்கு வந்துவிட்ட பகைவனை மேலிருப்பவன் எட்டிப் பார்க்காமல் சுட முடியாது என்பது. அதற்குத்தான் ஐந்து மூலைகளிலும் அம்பு முனை போல வெளியே நீண்ட கொத்தளங்களைக் கட்டினார்கள். ஒவ்வொரு கொத்தளத்தின் பக்கவாட்டிலிருந்தும் அடுத்த மதிலின் முழு நீளத்தையும், அடுத்த கொத்தளத்தின் முகத்தையும் சுட்டுத் துடைக்கலாம். பகைவன் ஒளிந்து நிற்கக் கோட்டையைச் சுற்றி ஒரு முழம் இடமும் விடப்படவில்லை. உங்களோடு சிறுவர்கள் வந்திருந்தால், ஒருவனை மதிலடியில் நிற்கவைத்து, எந்தக் கொத்தளத்திலிருந்து அவனைக் காணலாம் என்று பின்னர் மேலே நின்று தேடச் சொல்லுங்கள். கணக்குப் பாடத்தில் வராத ஆர்வம் இதில் வந்துவிடும்.

அகழியைக் கடக்கும் பாலத்தில் வரும்போது, வாயிலுக்கு நேர்கோட்டில் பாதை போகாமல் திரும்பிச் செல்வதைக் கவனியுங்கள். வெளியிலிருந்து வாயிற்கதவை நேராகச் சுட முடியாதபடி செய்த ஏற்பாடு அது. அதன்பின் வரும் குகை போன்ற வாயிலுக்குள் நுழைந்ததும் காற்றின் சூடு சட்டென்று குறையும். பக்கச் சுவரில் கையை வைத்து அதன் தடிப்பை உணர இதுவே நல்ல இடம். அங்கேயே நின்று கல்லையும் பாருங்கள். வண்டல் போல நெளிந்த வரிகளும், சிறு குழிகளும், சில இடங்களில் சிப்பியின் அச்சும் தெரியும். குடாநாட்டில் மலையும் இல்லை, கருங்கல்லும் இல்லை. கடலில் கிடைத்த முருகைக்கல்லும், தரையடியில் வெட்டிய சுண்ணாம்புக்கல்லும், அவற்றைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்புச் சாந்தும் கொண்டே இவ்வளவும் எழுந்தது. எங்கள் ஊர் வீடுகளின் பழைய வேலி மதில்களும் கிணற்றுக் கட்டுகளும் இதே கல்லினால் ஆனவைதாம்.

உள்ளே வந்ததும் பலர் நடுவெளிக்கு நடந்து, இடிபாடுகளைச் சுற்றிவிட்டு, களைத்து, மதிலேறாமலே திரும்பிவிடுகிறார்கள். இந்த வரிசையை மாற்றுங்கள். முதலில் சாய்வுப் பாதை வழியாக மதிலின் மேல் ஏறி, முழுச் சுற்றையும் நடந்து முடியுங்கள். இளைப்பாறி இளைப்பாறி நடந்தாலும் முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். ஐந்து கொத்தளங்களுக்கும் ஒல்லாந்தர் தங்கள் நாட்டு மாகாணங்களின் பெயர்களை இட்டிருந்தார்கள்: சீலாந்து, ஒல்லாந்து, கெல்டர்லாந்து, உட்ரெக்ட், ஃபிரீஸ்லாந்து. வீட்டை விட்டுப் பல்லாயிரம் மைல் தள்ளி வந்து காய்ச்சலிலும் வெய்யிலிலும் கிடந்த சிப்பாய்கள், மூலைக்கு மூலை ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டு காவல் நின்றிருக்கிறார்கள். பிற்காலத்தில், 1905 இல் இங்கே இளம் அரசாங்க அதிகாரியாக வந்த, பின்னாளில் ஆங்கில எழுத்தாளராகப் பெயர்பெற்ற லெனார்ட் வூல்ஃபும் கோட்டை மதிலை ஒட்டிய ஒரு பங்களாவில்தான் வாழ்ந்தார்.

கடற்பக்க மதிலுக்கு வந்ததும் அவசரப்படாதீர்கள். ஆழமில்லாத கடல்நீரேரி, அதன் நடுவே தீவகத்தை நோக்கிப் போகும் பண்ணை வீதி, மீன்பிடிப் பட்டிகளின் கம்புகள், அப்பால் மண்டைதீவு ஆகியவை ஒருங்கே தெரியும் இடம் இது. பெருங்கப்பல் கரையை நெருங்க முடியாத இந்த ஆழமின்மையும் கோட்டைக்கு ஒரு காவல்தான். அதே காரணத்தால் 1990 இல் உள்ளே அகப்பட்டவர்களுக்கு உதவி வந்து சேர்வதும் கடினமாயிற்று. இவ்விடத்தில் விளிம்பை ஒட்டி நின்று கைபேசியில் தம்படம் எடுப்பதைத் தவிருங்கள். பல இடங்களில் கைப்பிடிச் சுவர் இல்லை, கீழே விழும் ஆழமோ சிறியதன்று. சிறுபிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சுற்று முடிந்த பின் கீழே இறங்கி நடுவெளிக்கு வாருங்கள். மேலிருந்து முழு வடிவத்தையும் பார்த்துவிட்டவருக்கு இப்போது கற்குவியல்கள் வெறும் குவியல்களாகத் தெரியமாட்டா. 1706 இல் சிலுவை வடிவில் கட்டப்பட்ட ஒல்லாந்தத் தேவாலயம் இலங்கையின் பழைய புரட்டஸ்தாந்து ஆலயங்களுள் ஒன்றாக இருந்தது. இன்று எஞ்சியிருப்பது அதன் சிதைவுகள் மட்டுமே. ஆளுநர் மாளிகையின் சுவர்த் துண்டுகளும் பழைய கிணறும் கண்ணிற்படும். கோட்டை நிலத்தில் அண்மைக்காலத்தில் நடந்த அகழாய்வுகள், ஐரோப்பியர் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முந்திய சீன, மேற்காசிய, தென்னிந்திய மட்பாண்டத் துண்டுகளை வெளிக்கொண்டு வந்திருக்கின்றன. கோட்டை எழுவதற்கு வெகுகாலம் முன்பே இது ஒரு வணிகத்துறையாக இருந்ததற்கு அவை சான்று. தரையில் கிடக்கும் ஓட்டுத்துண்டு எதையும் நினைவுப் பொருளாக எடுத்துவராதீர்கள், அது சட்டப்படியும் குற்றம். இடிந்த அறைகளின் கூரைக்கடியிலும் இருண்ட நிலவறைகளிலும் தனியே நுழையாதீர்கள். மதிலில் பெயர் செதுக்குகிறவர்களைப் பற்றி ஒன்றும் எழுத விரும்பவில்லை. நூற்றாண்டுக் கணக்கான சுண்ணாம்புப் பூச்சில் காதலர் பெயரைக் கீறியவர்கள் இதை வாசிக்கவும் மாட்டார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இது வெறும் ஒல்லாந்தர் நினைவிடம் அன்று. உள்ளே சிறையிருந்தவர்களும், முற்றுகையின்போது இரு பக்கத்திலும் உயிரிழந்தவர்களும், கோட்டையிலிருந்து ஏவிய எறிகணைகளால் வீடிழந்த சுற்றுப்புற மக்களும் இந்த ஊரில் நினைவுகூரப்படுகிறார்கள். வயதானவர் ஒருவர் மதிலோரமாகப் பேசாமல் நிற்பதைக் கண்டால், அவர் அருகே சென்று கதை கேட்க அவசரப்படாதீர்கள். அவராகச் சொன்னால் கேளுங்கள்.

அதன்பின்

கோட்டையிலிருந்து வெளியே வந்ததும், சூரியன் மறைவதற்கு முன் வாயில் மூடப்பட்டுவிட்டால், பண்ணை வீதியில் சிறிது தூரம் நடந்து கடலோரமாக நின்று மிச்ச வெளிச்சத்தைப் பார்க்கலாம். மாலையில் அங்கே கூட்டம் சேரும், கடலைக்காரரும் இனிப்புச் சோளக்காரரும் வருவார்கள். காலையில் வந்தவர்கள், வெய்யில் ஏறும் நேரத்தை அருகிலுள்ள யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் கழிக்கலாம். 1981 இல் எரிக்கப்பட்டு மீண்டும் கட்டப்பட்ட அந்த வெண்ணிறக் கட்டடத்தைப் பார்க்க வருகிறவர்களுக்கு நேர ஒழுங்கு உண்டு, வாசகர்களுக்கு இடையூறின்றி நடந்துகொள்ள வேண்டும்.

ஒரு நாள் மேலதிகமாக இருப்பவர்கள் தீவகத்துக் கோட்டைகளையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது, ஏனெனில் யாழ்ப்பாணக் கோட்டை தனித்து நின்ற ஒன்றன்று. கடல்வழியையும் தரைவழியையும் காத்த ஒரு சங்கிலியின் தலைக்கண்ணி அது. ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே நீரில் நிற்கும் கடற்கோட்டையை ஒல்லாந்தர் ‘ஹமன்ஹீல்’ என்று அழைத்தனர். இலங்கையின் வரைபடம் அவர்கள் கண்ணுக்கு ஒரு பன்றித் தொடை போலத் தெரிந்தது, இந்த முனை அதன் குதிகால் போலத் தெரிந்தது. பரந்தன் பக்கம் போகிறவர்கள் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரிக் கோட்டையின் சிதைவுகளைப் பார்க்கலாம். நெடுந்தீவில் முருகைக்கல்லால் ஆன இன்னொரு கோட்டை இடிந்து கிடக்கிறது. அதற்குக் குறிகாட்டுவான் இறங்குதுறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலப் பயணம். சோளகக் காலத்தில் கடல் குமுறும். படகு புறப்படும் நேரத்தையும், அதைவிட முக்கியமாக, திரும்பும் கடைசிப் படகின் நேரத்தையும் முதல்நாளே விசாரித்துவிடுங்கள். அதைத் தவறவிட்டால் அன்றிரவு நெடுந்தீவில் யார் வீட்டுத் திண்ணையிலாவது படுக்க இடம் கேட்க வேண்டியதுதான்.